பச்சைக் கான்கிரீட் மேல் ரோலர்

ரோலரால் உருட்டி இறுக்கும் கான்கிரீட்டை (roller-compacted concrete) டிப்பர் கொட்டியது. பார்த்தால் யாரும் கான்கிரீட் என்று சொல்ல மாட்டார்கள். ஈரச் சரளை மண் போல உதிரி உதிரியாகக் கிடந்தது.

மேஸ்திரி ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்தார். உருண்டை உடையாமல் நின்றது. உள்ளங்கையில் லேசான ஈரம். "சரி, விடுங்க" என்றார்.

அப்புறம்தான் வேடிக்கை. தார் ரோடு போடும் பேவர் அதை விரித்துக்கொண்டே போக, பின்னாலேயே அதிர்வு ரோலர் ஏறியது. இன்னும் இறுகாத பச்சைக் கான்கிரீட் மேல்! அதில் கால் வைத்தாலே திட்டு வாங்கியவர்கள் நாம்.

தண்ணீர் குறைவு என்பதால்தான் ரோலரின் எடையைத் தாங்குகிறது. உள்ளே கம்பி கிடையாது, ஓரத்தில் பலகை அடைப்பதும் இல்லை. ஜல்லியோடு ஜல்லி நெருங்கிப் பூட்டிக்கொள்வதில்தான் பலம். ஆனால் கலந்து சுமார் ஒரு மணி நேரத்துக்குள் உருட்டி முடித்தாக வேண்டும். வெயில் கடுமை என்றால் அதுவும் கிடைக்காது.

1970களில் கனடாவில் மரத்தடிகளைக் குவித்துப் பிரிக்கும் யார்டுகளுக்கு இப்படிப் போட்டார்கள். பிறகு துறைமுகங்கள், ராணுவ டாங்கிகள் ஓடும் பாதைகள்.

மேற்பரப்பு கொஞ்சம் சொரசொரப்புதான். வேகமாகக் கார் ஓட்டுபவர் முகம் சுளிப்பார். கன்டெய்னர் தூக்கும் வண்டிக்கு அதைப் பற்றி என்ன கவலை?

அந்த மாதிரி இடத்தில் தாரைப் போட்டு, சக்கரத் தடம் பள்ளமாக விழ விழ ஒட்டுப்போடுவதைவிட இது எவ்வளவோ மேல். உருட்டி முடித்தபின் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்வதில் சோம்பல் பட்டால் மட்டும் மேல்பகுதி புழுதியாக உதிரும். அதற்கு ரோலரைக் குறை சொல்லக் கூடாது.