ஆச்சியோட அரைப்புள்ளி

எங்க தெருவுல ஒரு ஆச்சி இருக்காக, ஊரு காரைக்குடிக்குப் பக்கத்துலதான். வீட்டு முகப்பு ஒரு தெருவுல, பின்கட்டு அடுத்த தெருவுல, பர்மா தேக்குத் தூணு, ஆத்தங்குடிக் கல்லுன்னு டூரிஸ்ட்டெல்லாம் வாசல்ல நின்னு போட்டோ எடுத்துட்டுப் போவாக, ஆனா ஆச்சி பொழங்குறது ரெண்டாங்கட்டுல ஒரே ஒரு அறைலதான், மழை பேஞ்சா அதுவும் ஒழுகும். வீட்டுல பதினோரு பங்கு. ஒருத்தர் சென்னை, ஒருத்தர் மலேசியா, அத்தனை பேரும் கையெழுத்துப் போடாம ஒரு கதவக்கூட விக்க முடியாது. செட்டியார் தவறிப் பல வருசமாச்சு, பிள்ளையும் இல்ல. கொட்டான், அதான் பனையோலைக் கூடை, பின்னிக் குடுத்து வர்ற காசுதான்.

முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதினது நாந்தான். ஆபீஸ்ல இருந்தவரு விலாசத்தப் பாத்துட்டு "இம்புட்டுப் பெரிய வீட்டுக்காரகளுக்கு இது எதுக்கு"ன்னு சிரிச்சாரு. ஆச்சி ஒண்ணும் பேசல, முந்தானைய இழுத்துப் போத்திக்கிட்டாக. திரும்பி வரும்போது பஸ்ல "வேண்டாம்ப்பா, மானம் போகுது"ன்னாக, அவ்வளவுதான்.

அன்னிக்குத்தான் ரேஷன் அரிசி பத்தி எனக்கு உறைச்சுச்சு. 2011 ஜூன்ல இருந்து அரிசி விலையில்லாம குடுக்குறாக, அரிசி கார்டு இருந்தாப் போதும், நீ ஏழையா இல்லையான்னு யாரும் கேக்க மாட்டாக. ஆச்சியும் கொட்டான எடுத்துக்கிட்டு எல்லாரோடயும் வரிசைல நிப்பாக, கூச்சமே இல்ல. பென்சன்னா மட்டும் ஆதரவில்லாதவன்னு நாமளே எழுதிக் கையெழுத்துப் போடணும். இலவசம் குடுத்துச் சனத்தக் கெடுக்குறாகன்னு பேசுறவுக ஒருதடவ அந்த மனுவ எழுதிப் பாக்கட்டும்.

தொகையும் ஒண்ணும் பெருசில்ல. 1962ல 20 ரூபாய்ல ஆரம்பிச்சது, 2011ல 1000 ஆச்சு, 2023 ஆகஸ்ட்லதான் 1200. மத்திய அரசு திட்டத்துல வர்றவுகளுக்கு அங்கேருந்து வர்ற பங்கு 79 வயசு வரைக்கும் மாசம் 200 ரூபாதான், 80 ஆனாத்தான் 500. மிச்சத்த மாநிலம் போடுது. ஒரு மாசத்துக்கு மருந்துச் செலவு என்னன்னு கணக்குப் போட்டா இது எங்க மூலைக்கு.

ஆச்சிக்கும் கடைசில கிடைச்சுச்சு. நாலஞ்சு தடவ அலைஞ்சு, வீட்டுப் பத்திரம், வாரிசு விவரம்னு ஒரு கட்டுக் காகிதத்தக் குடுத்து, பொறவு கையெழுத்தானது. கொட்டான் பின்னிப் பின்னி ரேகை தேஞ்சு போச்சு, மெஷின்ல விரல் விழவே மாட்டேங்குது, பணம் கொண்டு வர்ற பொண்ணு எண்ணெய் தடவித் துடைச்சுத் திருப்பித் திருப்பி வைக்கும்.

மொத மாசப் பணம் வந்ததும் மருந்து வாங்குவாகன்னு நெனச்சேன். வாங்கல. எங்க நகரத்தார்ல, அதான் நாட்டுக்கோட்டைச் செட்டியாருகள்ல, கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி, தனியாயிட்டா அரைப்புள்ளி, அந்தக் கணக்குலதான் கோயிலுக்கு வரி. ஆச்சியோட அரைப்புள்ளிக்கு இத்தன வருசமும் கொழுந்தன் மகன்தான் கட்டிக்கிட்டு இருந்தாரு, அத வருசா வருசம் நாலு பேரு முன்னாடி சொல்லியும் காட்டுவாரு. நேரா கோயிலுக்கு என்னையக் கூட்டிட்டுப் போயி, முடிச்ச அவுத்துப் பணத்த எண்ணி வச்சுட்டு, கணக்கப்பிள்ளைகிட்ட "ரசீதுல எம்பேர எழுதுங்க"ன்னாக.