ஜனவரியிலும் தேர்தல் வரும்: வர்ஜீனியாவில் உங்கள் தொகுதி உறுப்பினர்

லவுடன் கவுன்டிக்குப் புதிதாகக் குடிவரும் நம்மவர்களுக்கு அமெரிக்கத் தேர்தல் என்றால் அதிபர் தேர்தல்தான். ஆனால் பள்ளிகளுக்கான மாநில நிதி, ஓட்டுநர் உரிமம், டல்லஸ் கிரீன்வே சாலையின் சுங்கக் கட்டணத்துக்கான விதிகள் எல்லாம் ரிச்மண்டில் உள்ள மாநிலச் சட்டமன்றத்தின் கையில். அதன் பொதுத்தேர்தல் ஒற்றைப்படை ஆண்டு நவம்பரில் நடக்கும். கீழவையில் 100 பேர், 2 ஆண்டுப் பதவி. செனட்டில் 40 பேர், 4 ஆண்டு. ஆண்டுச் சம்பளம் செனட்டருக்கு 18,000 டாலர், கீழவை உறுப்பினருக்கு 17,640. அதனால் பலரும் வேறு வேலையும் பார்க்கிறார்கள். நம்மூர் எம்.எல்.ஏ.வை நினைத்துக்கொண்டு போனால் ஆளே அடையாளம் தெரியாது.

பதவி எப்படிக் கைமாறுகிறது என்பதற்கு சுஹாஸ் சுப்ரமணியம் நல்ல உதாரணம். 2019இல் கீழவை, 2023இல் 32ஆம் செனட் தொகுதி, 2024 நவம்பரில் வாஷிங்டனில் உள்ள நாடாளுமன்றமான காங்கிரஸ். அவர் விட்ட செனட் இடத்துக்கு 26ஆம் தொகுதியின் கீழவை உறுப்பினர் கண்ணன் ஸ்ரீனிவாசன் போட்டியிட்டார். அவருடைய இடமும் காலியானது. இரண்டுக்கும் 2025 ஜனவரி 7 அன்று இடைத்தேர்தல். ஸ்ரீனிவாசன் செனட்டுக்குப் போனார். 26ஆம் தொகுதியில் ஜனநாயகக் கட்சியின் ஜே.ஜே. சிங், குடியரசுக் கட்சியின் ராம் வெங்கடாசலத்தை வென்றார். பெயரை மட்டும் பார்த்து ஓட்டுப் போடுபவர்கள் அன்று நன்றாகத் திணறியிருப்பார்கள்.

இடைத்தேர்தலில் கோட்டைவிடுவது பெரும்பாலும் வேட்பாளர் தேர்வில்தான். பல நேரம் கட்சியே சில மையங்களில், சில மணி நேரத்தில் அதை முடித்துவிடும். கட்சியின் மின்னஞ்சல் பட்டியலில் இல்லாதவருக்கு நடந்ததே தெரியாது.

இனி ஆபத்தான இடம். ஓட்டுரிமை குடிமக்களுக்கு மட்டுமே. டி.எம்.வி. என்ற மாநில வாகனத் துறை அலுவலகத்தில் ஓட்டுநர் உரிமம் வாங்கும்போது குடிமகனா என்றும் கேட்பார்கள்; அவசரத்தில் 'ஆம்' என்று அழுத்திவிட்டால் வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறலாம். பின்னால் குடியுரிமை விண்ணப்பத்தில் 'எப்போதாவது வாக்காளராகப் பதிந்தீர்களா' என்ற கேள்வி வரும்போது அது நாடுகடத்தல் வரைக்கும் இழுத்துவிடக்கூடும். தவறு நடந்தது தெரிந்தால் முதலில் குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள்.

நன்கொடையிலும் இதே கண்டிப்பு. எச்1பி (வேலை), எச்4 (அவர்களின் குடும்பம்), எஃப்1 (மாணவர்) விசாவில் இருப்பவர்கள் எந்தத் தேர்தலுக்கும் ஒரு டாலர்கூடத் தரக்கூடாது. நிதி திரட்டும் விருந்தின் டிக்கெட்டும் நன்கொடைதான். கிரீன் கார்டு இருந்தால் தரலாம். மாநில வேட்பாளருக்கு வர்ஜீனியாவில் உச்சவரம்பே இல்லை, ஆனால் 100 டாலரைத் தாண்டினால் உங்கள் பெயரும் வேலையும் பொது ஆவணத்தில் வந்துவிடும். நண்பர் பெயரில் கட்டச் சொல்லிப் பணத்தை அவரிடம் கொடுப்பது குற்றம். சம்பளம் வாங்காமல் வீடு வீடாகப் போய்த் துண்டறிக்கை கொடுக்க விசாக்காரர்களுக்கும் தடையில்லை. பிரசாரச் செலவை முடிவுசெய்யும் இடத்தில் மட்டும் உட்காரக்கூடாது.

கோயில் வாசலில் யாராவது மனுத்தாளை நீட்டலாம். கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தலில் (பிரைமரி) நிற்க, கீழவைக்கு 125, செனட்டுக்கு 250 கையெழுத்து வேண்டும், அதுவும் அதே தொகுதியின் வாக்காளர்களுடையது. அஞ்சல் முகவரியில் ஆஷ்பர்ன் என்று இருந்தால் போதாது. ஒரே ஊர்ப் பெயருக்குள் தொகுதி மாறும். இப்படி அடிபடும் கையெழுத்துகள் நிறைய என்பதால் வேட்பாளர்கள் கூடுதலாகவே வாங்கி வைப்பார்கள்.

உங்கள் உறுப்பினருக்கு எழுதும்போது வீட்டு முகவரியைக் கட்டாயம் போடுங்கள்; தொகுதிக்காரர் இல்லை என்றால் கடிதம் ஓரமாகப் போய்விடும். கூட்டத்தொடர் ஜனவரி இரண்டாம் புதன்கிழமை தொடங்கும், இரட்டைப்படை ஆண்டில் 60 நாள், மற்ற ஆண்டில் அதைவிடக் குறைவு. மசோதா பற்றிப் பேச வேண்டுமானால் அதற்கு முன்பே பிடியுங்கள். விசா தாமதத்தை ஸ்ரீனிவாசன் அலுவலகத்துக்கு எழுதிப் பயனில்லை, அது மத்திய அரசு விஷயம். சுஹாஸின் காங்கிரஸ் அலுவலகத்துக்குத்தான் எழுத வேண்டும்.