கண்ணாடியை இறக்காதே, காரை விட்டு இறங்காதே

சித்தி மகள் கார் வாங்கியிருக்கிறாள். பெங்களூரில்தான் இருக்கிறாள்; வேலை எலக்ட்ரானிக் சிட்டியில், வீடு கக்கதாசபுராவில். ஷிப்ட் முடிந்து கிளம்பவே ராத்திரி பதினொன்று ஆகிவிடும். வண்டி வந்த கையோடு எனக்குப் போன் போட்டு அவள் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, எந்த பெப்பர் ஸ்ப்ரே வாங்கட்டும்?"

வாங்கி வைத்துக்கொள், தப்பில்லை என்றேன். ஆனால் மூடிய காருக்குள் அதை அடித்தால் முதலில் எரியப்போவது உன் கண்ணும் தொண்டையும்தான். வெளியே நிற்கிறவன் மேல் அடிக்கலாம் என்றால் கண்ணாடியை இறக்க வேண்டும். இறக்கிய இடுக்கில் ஒரு கை உள்ளே வந்துவிட்டால் கதவைத் திறக்க எவ்வளவு நேரம் ஆகும்? அன்று அவளிடம் நெடுநேரம் பேசினேன். இந்த ஊரில் ராத்திரி தனியாக ஓட்டுகிற நம்மவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், அதனால் இங்கேயும் எழுதுகிறேன்.

காருக்குள் இருக்கிற வரைக்கும் உன்னுடைய பலம் அந்த வண்டி நகரும் என்பதுதான். மற்ற யோசனை எல்லாம் அந்த பலத்தைக் காப்பாற்றத்தான். சிக்னலில் நிற்கும்போது முன்னால் இருக்கிற வண்டியின் பின் டயர் ரோட்டைத் தொடுகிற இடம் உன் சீட்டிலிருந்து தெரிய வேண்டும். தெரிந்தால், ரிவர்ஸ் எடுக்காமலே ஸ்டீயரிங்கை ஒடித்து வெளியே வந்துவிடலாம். பெங்களூரில் இப்படி இடம் விட்டால் டூவீலர்கள் வந்து நிரப்பிவிடும், பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார். அடிக்கட்டும். ராத்திரியில் அவ்வளவு நெரிசல் இருக்காது, அப்போதாவது விடு.

அவுட்டர் ரிங் ரோட்டில் சர்வீஸ் ரோட்டைவிட மெயின் ரோடு நல்லது. சில்க் போர்டிலிருந்து கே.ஆர்.புரம் வரைக்கும் மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்த இடங்களில் ஒரு வண்டி போகிற அளவுக்குத்தான் வழி இருக்கும். அதில் எவனாவது குறுக்கே நிறுத்தினால் இடமும் இல்லை, வலமும் இல்லை. அப்படிப்பட்ட இடம் வருகிறது என்று தெரிந்தால் முன்வண்டி தாண்டிப் போகிற வரைக்கும் வாயிலேயே நின்று, அப்புறம் நுழை.

லாக் விஷயத்தை உன் வண்டியில் நீயே சோதித்துப் பார். பல கார்களில் கொஞ்சம் வேகம் எடுத்ததும் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். ஆனால் இஞ்சினை அணைத்தால் சிலவற்றில் எல்லாக் கதவும் திறந்துகொள்ளும். பார்க்கிங்கில் இஞ்சினை அணைத்துவிட்டு மெசேஜ் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். ஏறியதும் பூட்டு, பெல்ட் போடு, கிளம்பு. போனைப் போய்ச் சேர்ந்த பிறகு பார்க்கலாம்.

இனி, இறங்குவதைப் பற்றி. நல்ல மனுஷர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். "டயர் பஞ்சர்", "ஆயில் ஒழுகுது", "பணம் கீழே கிடக்குது" என்று யாராவது கையைக் காட்டுவார்கள். எல்லாவற்றையும்விட மனதைக் கலக்குவது, "என் கால் மேல ஏத்திட்டீங்க" என்பது.

அம்மாவை கே.ஆர்.புரம் ரயில் ஸ்டேஷனில் ஏற்றிக்கொண்டு வந்த ஒரு ராத்திரி எனக்கு அது நடந்தது. மாரத்தஹள்ளிக்குக் கொஞ்சம் முன்னால், ஸ்கூட்டரில் இரண்டு பேர் இடது பக்கமாக வந்து கதவில் ஓங்கித் தட்டினார்கள். ஒருவன் இறங்கி நொண்டிக்கொண்டே முன்னால் வந்து காலைக் காட்டினான். எனக்கு எதிலும் இடித்த உணர்வே இல்லை. ஸ்கூட்டர் வந்ததைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். ஆனால் அம்மா பதறிவிட்டாள். "இறங்கி என்னன்னு கேளும்மா. பாவம், நிஜமாவே அடிபட்டிருந்தா?"

நான் இறங்கவில்லை. ஹசார்ட் விளக்கைப் போட்டேன். மூடிய கண்ணாடி வழியாகவே, "ஸ்டேஷன்னல்லி மாத்தாடோணா" (போலீஸ் ஸ்டேஷனில் பேசிக்கொள்வோம்) என்று கன்னடத்தில் இரண்டு முறை சத்தமாகச் சொல்லி, கையால் முன்னால் காட்டினேன். அவன் பக்கவாட்டில் விலகியதும் மெதுவாகக் கிளம்பி நேராக மாரத்தஹள்ளி போலீஸ் ஸ்டேஷனுக்கு விட்டேன். கொஞ்ச தூரம் பின்னாலேயே வந்தார்கள். ஜங்ஷனில் வேறு பக்கம் திரும்பிவிட்டார்கள். ஸ்டேஷனில் நேரம், இடம், வண்டி நம்பர் எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனோம். வழியெல்லாம் அம்மா பேசவே இல்லை. அடிபட்டவனை விட்டுவிட்டுப் போவது பாவம் என்பது அவள் கட்சி. அதை நான் சாதாரணமாகத் தள்ளிவிட மாட்டேன், ஏனென்றால் நிஜமாகவே அடிபட்டிருந்தால் அவள் சொல்வதுதான் சரி.

இதற்குச் சட்டத்திலேயே வழி வைத்திருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 134வது பிரிவு, விபத்தில் யாருக்காவது காயம் என்றால் டிரைவர் அவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. அதே வரியில், கும்பலின் ஆத்திரத்தாலோ தன் கைமீறிய வேறு காரணத்தாலோ அது முடியாமல் போனால் விலக்கு என்றும் சொல்கிறது. அப்போதும் பக்கத்து ஸ்டேஷனில் சீக்கிரமே, அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள், தகவல் சொல்லியாக வேண்டும். ஆகவே ஓடி ஒளியாதே. அங்கிருந்தே 112-ஐக் கூப்பிட்டு ஆம்புலன்ஸும் ஹொய்சளா என்கிற போலீஸ் ரோந்து வண்டியும் கேள், ஸ்டேஷனுக்குப் போ. அடிபட்டது உண்மை என்றால் அவனுக்கு உதவி வந்துவிடும். பொய் என்றால் அவன் ஸ்டேஷன் பக்கமே வரமாட்டான்.

யாராவது பின்தொடர்கிறார்கள் என்று தோன்றினால் வீட்டுக்குப் போகாதே. வீடு எது என்று நீயே காட்டிக்கொடுத்ததாகிவிடும். போகிற பாதையில் ராத்திரி ஆள் இருக்கிற இடங்களைப் பகலிலேயே பார்த்து வைத்துக்கொள்: போலீஸ் ஸ்டேஷன், பெட்ரோல் பங்க், செக்யூரிட்டி நிற்கிற டெக் பார்க் கேட். எனக்குப் பழைய ஏர்போர்ட் ரோட்டில் மணிப்பால் ஆஸ்பத்திரி வாசல் ஒன்று. எமர்ஜென்சி வாசல் என்பதால் எந்நேரமும் அங்கே ஆள் இருக்கும்.

முன்னும் பின்னும் அடைத்துவிட்டார்கள், நகர வழியில்லை என்றால்? கதவு பூட்டியே இருக்கட்டும், இஞ்சின் ஓடட்டும், கியர் தயாராக இருக்கட்டும். ஹாரனில் வைத்த கையை எடுக்காதே. போனில் பவர் பட்டனைத் தொடர்ந்து அழுத்தினால் அவசர அழைப்பு போகிற வசதி உண்டு. எத்தனை முறை அழுத்த வேண்டும் என்பது போனுக்குப் போன் மாறும், செட்டிங்ஸில் பார்த்து வை. இடம் சொல்லத் தெரியாவிட்டால் மெட்ரோ தூணில் இருக்கிற நம்பரைச் சொல். கத்துகிறவனுக்குப் பதில் சொல்லாதே, விரலைக் காட்டாதே, அவன் கண்ணைப் பார்த்து முறைக்காதே.

"அப்படியே ஏத்திட்டுப் போயிடலாமா அக்கா?" என்றும் கேட்டாள். தற்காப்பு உரிமை புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. தேவைக்கு மேல் காயப்படுத்தக்கூடாது, போலீஸை நாட நேரம் இருந்தால் அந்த உரிமை இல்லை என்று 37வது பிரிவு சொல்கிறது. உயிர்ப்பயம், கடத்தல், ஆசிட், பாலியல் பலாத்காரம் என்று வந்தால் 38வது பிரிவு அந்த உரிமையை மிகவும் விரிக்கிறது. பானட்டைத் தட்டித் திட்டிக்கொண்டிருக்கிறவன் மேல் ஏற்றினால் நீதான் குற்றவாளி. கண்ணாடியை உடைத்து உன்னை இழுக்கிறான் என்றால் கதை வேறு. அப்போது தயங்காமல் வண்டியை எடு.

கத்தியைக் காட்டி வண்டியைக் கேட்டால் கொடுத்துவிடு. சாவியைக் கொடுத்துவிட்டு எதிர்ப்பக்கம் நட, இன்சூரன்ஸ் இருக்கிறது. பின் சீட்டில் குழந்தை இருந்தால் அதைத் தூக்கிக்கொண்டுதான் இறங்குவேன் என்று உரக்கச் சொல். உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டு "ஓட்டு" என்றால், ஊர் தாண்டிப் போகாதே. ஆள் நடமாட்டம் இருக்கிற இடத்தில், மெதுவான வேகத்தில், டிவைடரில் இடித்து நிறுத்திவிட்டு ஓடு. பெல்ட் போட்ட உன்னைவிட போடாத அவனுக்குத்தான் அதிர்ச்சி அதிகம்.

கண்ணாடி உடைக்கிற சின்னச் சுத்தியல் ஒன்று வாங்கிக் கை எட்டுகிற இடத்தில் வை, டிக்கியில் வேண்டாம். 2023 மே மாதம் கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் மழைத்தண்ணீரில் கார் மூழ்கி ஓர் இளம்பெண் இறந்ததிலிருந்து என் வண்டியிலும் அது இருக்கிறது. முன் கண்ணாடியில் அடித்துப் பலன் இல்லை, நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்துச் செய்தது. பக்கக் கண்ணாடியில், நடுவில் அடிக்காமல் மூலையில் அடி. ஹெட்ரெஸ்ட் கம்பியை இதற்காகவே கூராகச் செய்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது பொய். அது உயரத்தைச் சரிசெய்யத்தான்.

வண்டி சர்வீஸில் இருக்கிற நாட்களில் கேப் பிடிப்பாய். மஞ்சள் நம்பர் பிளேட்டா, ஆப்பில் வந்த நம்பர்தானா என்று பார். ஏறிக் கதவைச் சாத்தியதும், வண்டி நகருவதற்கு முன், உள்ளே இருந்து ஒருமுறை திறந்து பார். திறக்கவில்லை என்றால் சைல்டு லாக் போட்டிருக்கிறது என்று அர்த்தம். எடுக்கச் சொல், முடியாது என்றால் அடுத்த பக்கக் கதவு வழியாக இறங்கி வேறு வண்டி பார்.

ஓட்டும்போது ரோட்டைப் பதிவு செய்கிற டேஷ்கேம் கேமரா கட்டாயம் மாட்டு. மெமரி கார்டு நிரம்பினால் பழைய பதிவின் மேலேயே புதியது பதிந்துவிடும், அதனால் ஏதாவது நடந்தால் அன்றைக்கே அந்தத் துண்டைத் தனியாக எடுத்து வைத்துவிடு. புகாரை எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். "இது எங்க லிமிட் இல்லை" என்று அனுப்பப் பார்த்தால், ஜீரோ எஃப்ஐஆர், அதாவது எல்லை பார்க்காமல் பதிகிற எஃப்ஐஆர், போடச் சொல்லிக் கேள். புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173வது பிரிவில் அது இருக்கிறது. நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான், வாங்காமல் வராதே.