ஜிகர்தண்டாவும் அற்பப் பாவமும்

"அப்பா, தம்பி டம்ளர்ல இருந்த ஜிகர்தண்டாவ நான் குடிச்சது சாவான பாவமா, அற்பப் பாவமா?"

மதுரை விளக்குத்தூண் பக்கம் வண்டியை எடுக்கும்போது மகள் கேட்டாள். கத்தோலிக்கப் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குத் தயாராகிறாள். அடுத்த வாரம், குருவானவரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனம், அவளுக்கு முதல் தடவை.

கையில் கோடு போட்ட தாள். பென்சிலில் 11 பாவங்கள். ஏழாவதை அழித்து அழித்துத் தாளே ஓட்டையாகியிருந்தது. அது என்னவென்று நான் கேட்கவில்லை.

பெரிய பாவம்தான் சாவான பாவம், சின்னது அற்பப் பாவம்; சாவான பாவம் என்றால் மூன்றும் சேர வேண்டும் என்றேன். காரியம் கனமானதாக இருக்கணும், தப்பு என்று முழுசாகத் தெரிந்திருக்கணும், மனசாரச் செய்திருக்கணும். ஒன்று குறைந்தாலும் சாவான பாவம் ஆகாது.

"தெரிஞ்சுதாம்ப்பா குடிச்சேன். வேணும்னேதான்."

சரி, வழக்கு வீட்டுக்குப் போனது. அவள் அப்பத்தா பழைய ஞானோபதேசம், அதாவது மறைக்கல்வி, படித்தவர். மற்றப் பாவங்களுக்கு வேரான தலையான பாவங்கள் ஏழையும் ஒரே மூச்சில் சொல்வார்.

"இது போசனப்பிரியம்டி தங்கம். அற்பப் பாவந்தான்."

எவ்வளவு அழகான சொல்! பெருந்தீனி என்றால் வயிறுதான் தெரிகிறது. இதில் ஆசையும் தெரிகிறது.

4-ஆம் நூற்றாண்டுத் துறவி எவாக்ரியுஸ் எட்டு தீய எண்ணங்கள் என்று எழுதினார். 6-ஆம் நூற்றாண்டில் பாப்பரசர் கிரகோரியார் அந்த வரிசையை ஏழாக்கினார். அப்பத்தா சொல்லும் ஏழும் அந்த வழியில் வந்தவைதான். சின்னதைச் சின்னது என்று சொல்லிக் கொடுக்கவும் இந்தப் பாவக் கணக்கு உதவுகிறது என்பது இன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அவள் முகம் அப்படித் தெளிந்தது.

தம்பி மட்டும் சமாதானமாகவில்லை.

"பாவம் சின்னதா இருக்கட்டும். என் டம்ளர் பெரிசு!"