வீட்டிலேயே படிக்கும் எங்கள் பிள்ளைகள்

காரைக்குடியில் எங்கள் பிள்ளைகள் இருவரும் வீட்டில்தான் படிக்கிறார்கள். ஏ.சி.இ. என்ற கிறிஸ்தவப் பாடத்திட்டம். 1970-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் தொடங்கியது. ஒரு பாடத்துக்கு வருடம் 12 சிறு புத்தகங்கள். இன்றைக்கு எத்தனை பக்கம் என்று பிள்ளையே குறித்துக்கொண்டு, முடித்து, விடைப் புத்தகத்தைப் பார்த்துத் தானே திருத்த வேண்டும். தேர்வில் நூற்றுக்கு 80 வந்தால்தான் அடுத்த புத்தகம்.

சின்னவள் வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்), ஆத்தங்குடி டைல்ஸ் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, சிவப்புப் பேனாவால் தன் தப்பைத் தானே சுழிப்பாள். யாரும் திட்டப் போவதில்லை என்று தெரிந்ததால் எதையும் மறைப்பதில்லை. எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

புத்தகம் எல்லாம் ஆங்கிலம். தமிழும் நம் ஊர்ச் சரித்திரமும் அதில் வராது. அதனால் சாயங்காலத் தமிழ் வகுப்பு அப்பத்தா பொறுப்பு. வேதாகமத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்வார், ழகரம் தவறினால் விடமாட்டார்.

"சர்டிபிகேட் வேண்டாமா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டும்தான். 14 வயது முடிந்தால் என்.ஐ.ஓ.எஸ். என்ற மத்திய அரசின் திறந்தநிலைப் பள்ளியில் பதிந்து பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். பெரியவனுக்கு அதுதான் திட்டம்.

பக்கத்தில் யாராவது யோசித்துக்கொண்டிருந்தால் ஒரு நாள் வீட்டுக்கு வாங்க. புத்தகங்களைப் புரட்டிப் பாருங்க, அப்புறம் முடிவு பண்ணலாம்.