வின் அடாமியின் சிரிப்பு: 14 ஓவியங்களில் 10 முடிந்தன

‘ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்’ என்ற அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடர் 1993 முதல் 1999 வரை ஏழு பருவங்கள் ஓடியது. அதில் வின் அடாமி தோன்றுவது 14 அத்தியாயங்களில் மட்டுமே. அத்தியாயத்துக்கு ஒரு முகம் என்று 14 பென்சில் ஓவியங்கள் வரைவது என் திட்டம். நான்கு மாதங்களில் பத்து முடிந்திருக்கின்றன.

கார்டேசியர் என்ற வேற்றுலக இனத்தாரின் நீண்ட ஆக்கிரமிப்பிலிருந்து அப்போதுதான் விடுபட்ட பஜோர் கிரகத்தின் மதகுரு வின். இரண்டாம் பருவம் முடிவதற்குள் ‘காய்’ எனப்படும் தலைமைக் குரு ஆகிவிடுகிறார். பிறகு ஆட்சிப் பொறுப்பையும் பிடிக்கப் பார்க்கிறார். வயது வந்தவர்களையும் ‘குழந்தாய்’ என்றே அழைப்பார். அந்த ஒரு சொல்லால் எதிரில் நிற்பவரின் உயரத்தைப் பாதியாக்கிவிடுவார்.

முதல் ஓவியத்தில் புருவத்தை நெரித்து, உதட்டை இறுக்கி ஒரு வழக்கமான வில்லியை வரைந்தேன். சற்றும் ஒட்டவில்லை. அந்த அத்தியாயத்தை மீண்டும் பார்த்தேன். பள்ளியில் ஆசிரியை கீக்கோ, பஜோர் மக்கள் தெய்வமாக வணங்குவோரை வேற்றுலக உயிர்கள் என்று கற்பிக்கிறார். வின் அவரைக் கடிந்துகொள்ளும்போதும் இனிமையாகவே பேசுகிறார். வின்னாக நடித்த லூயிஸ் ஃபிளெட்சரின் முகத்தில் கன்னங்கள் உயர்கின்றன, கீழிமை மட்டும் அசைவதில்லை. உண்மையாகச் சிரிக்கும்போது கண்ணைச் சுற்றியுள்ள தசை சுருங்கி, கீழிமை மேலே ஏற வேண்டும். 6பி பென்சிலில் அழுத்திய நிழலையெல்லாம் ரப்பரால் ஒற்றி எடுத்துவிட்டு, 2பியால் கண்ணுக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றுமே வரையாமல் விட்டேன். வின் வந்துவிட்டார்.

மூன்றாவது ஓவியம் வீணானது. டிரேசிங் தாளைத் திருப்பிப் போட்டுத் தேய்த்ததில் முகம் இடவலம் மாறி, வலக்காதில் இருக்க வேண்டிய தோடு இடக்காதுக்குப் போய்விட்டது. தொடரின் பிற்பகுதியில், பஜோரின் தெய்வங்களுக்குப் பகையான பா-ரெய்த்களை வணங்குவோர்தான் இடக்காதில் தோடு அணிகிறார்கள். வின் கடைசியில் போய்ச் சேரும் இடமும் அதுதான். ஆனாலும் மூன்றாம் ஓவியத்திலேயே அதைக் காட்டிவிடக் கூடாது என்று புதிதாக வரைந்தேன்.

ஏழாவதற்கு மூன்று வாரங்கள் பிடித்தன. விடுதலைப் படையில் போரிட்ட கீராவிடம் வின் தன் கதையைச் சொல்லும் காட்சி அது. கார்டேசியரின் சிறைமுகாமில் ஐந்து ஆண்டுகள் இருந்தார். வாங்கிய ஒவ்வோர் அடியும் நினைவில் இருக்கிறது. உங்கள் கையில் ஆயுதம் இருந்தது, என்னிடம் நம்பிக்கையும் துணிவும் மட்டுமே இருந்தன என்கிறார். இங்கே சிரிப்பு இல்லை, பொய்யும் இல்லை. அதுவரை கண்ணுக்குக் கீழே வெள்ளையாக விட்டுவந்த இடத்தில் முதல் முறையாகக் கோடுகள் போட்டேன். இந்தப் பெண்ணை நான் வெறுக்கவில்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

எட்டும் ஒன்பதும் சிரமம் தரவில்லை. பத்தாவதை நேற்றிரவு முடித்தேன். வாழ்நாள் முழுவதும் வழிபட்டும் தெய்வங்கள் தன்னிடம் ஒருமுறைகூடப் பேசவில்லை என்ற குறை வின்னுக்கு உண்டு. கடைசிப் பருவத்தில்தான் முதல் தரிசனம் கிடைக்கிறது. பேசியது தன் தெய்வங்கள் என்று அவர் நம்புகிறார். உண்மையில் பேசியவை பா-ரெய்த்கள். அந்த மகிழ்ச்சி முகத்தை வரைந்தபோது, பத்து ஓவியங்களில் முதன்முறையாகக் கீழிமையை மேலே ஏற்றினேன். அவருடைய உண்மையான சிரிப்பு ஏமாற்றப்பட்ட நேரத்தில்தான் வருகிறது. மேசையை விட்டு எழ எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

பதினொன்றுக்குக் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். தவறு புரிந்து, வழி கேட்டுக் கீராவிடம் வருகிறார் வின். பதவியைத் துறந்துவிடுங்கள் என்கிறார் கீரா. அதைக் கேட்டதும் வின்னின் முகம் மெல்ல மூடிக்கொள்கிறது. அது மூடத் தொடங்கும் நொடியை வரைவதா, மூடி முடிந்ததையா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. வாய் இருக்கும் கட்டங்களைக் காலியாக விட்டுவிட்டு, தொப்பியிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.