ஜான் சீனா தட்டிய ஞாயிறு

7 டிசம்பர் 2025, ஞாயிறு

அடுத்த ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மேல் யாருக்கும் முடி வெட்டப்போவதில்லை என்று முடிதிருத்தும் கடைக்கார அண்ணன் இன்றே சொல்லிவிட்டார். வாஷிங்டனில் சனிக்கிழமை இரவு எட்டு மணி என்றால் இங்கே மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தையில் ஞாயிறு காலை ஒன்பது மணி. அந்த நேரத்தில் தொடங்கும் நிகழ்ச்சியில் அமெரிக்க மல்யுத்த வீரர் ஜான் சீனா தம் கடைசி மல்யுத்தப் போட்டியை ஆடுகிறார். பதினாறு பேர் மோதிய போட்டித் தொடரின் இறுதியில் எல்.ஏ. நைட்டை வென்று, அவரோடு மோதும் வாய்ப்பைப் பெற்றிருப்பவர் ஆஸ்திரியாவைச் சேர்ந்த குந்தர். ஜான் சீனாவைத் தட்ட வைத்துத்தான் அனுப்புவேன் என்று அவர் வெளிப்படையாகவே சவால் விட்டிருக்கிறார்.

நாங்கள் யாரும் அதை நம்பவில்லை. ஒருபோதும் விட்டுக்கொடுக்காதே என்பதைத் தொப்பியிலும் துண்டிலும் அச்சடித்து, பல ஆண்டுகளாக உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் விற்ற மனிதர், போகிற அன்று கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்வார் என்று யார்தான் நினைப்பார்கள்?

கடையில் இன்று ஒருவர் மட்டும் அப்படி நடக்க வேண்டுமென்று ஆசைப்பட்டார். செம்பனைத் தோட்டத்தில் குலை அறுத்து ஓய்வு பெற்ற மாமா அவர். 2007 மே மாதம் இந்தியாவின் கிரேட் காளியை ஜான் சீனா காலைப் பின்னி, கழுத்தை வளைத்துத் தட்ட வைத்ததை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. அப்போது தோட்டத்து லயங்களில் இரு கட்சிகள் இருந்தன. ஏழடிக்கு மேல் உயரமான காளி நம் ஆள் என்று பெரியவர்கள் நின்றார்கள். முகத்துக்கு முன் கையை ஆட்டி, உன்னால் என்னைப் பார்க்க முடியாது என்று சைகை காட்டிய தொப்பிக்காரனே தலைவன் என்று பிள்ளைகள் நின்றார்கள். இரவுச் சந்தையில் வாங்கிய வட்டுகள் தேய்ந்து, படம் கட்டம் கட்டமாக உடையும் வரை அந்தச் சண்டையைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். நான் பிள்ளைகளின் கட்சி, அப்போதே தோட்ட அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) சேர்ந்துவிட்டிருந்தபோதிலும்.

13 டிசம்பர் 2025, சனி

பகல் முழுவதும் மழை. பழ லாரி ஓட்டும் தம்பி எடைச்சீட்டில் கையெழுத்து வாங்க வந்தபோது, ஞாயிறு ஓவர்டைம் வேண்டாம் என்று கண்காணி மண்டோரிடம் சொல்லிவிட்டதாகப் பெருமையோடு சொன்னார். அவருடைய லாரியின் முன்கண்ணாடி மேல்விளிம்பில் ஜான் சீனாவின் அந்த ஆங்கில வாசகம் ஒட்டியிருக்கிறது. வெயிலில் சிவப்பெல்லாம் போய், கறுப்பு எழுத்து மட்டும் மிஞ்சியிருக்கிறது. அவருக்கு வயது முப்பத்திரண்டு. ஜான் சீனா 2002 ஜூன் மாதம் கர்ட் ஆங்கிளை எதிர்த்து முதன்முதலாகத் தொலைக்காட்சியில் தோன்றியபோது இவர் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு மாணவர்.

14 டிசம்பர் 2025, ஞாயிறு

கடையில் நாற்காலிகள் போதாமல், பக்கத்துக் கோப்பிக்கடையிலிருந்து பிளாஸ்டிக் முக்காலிகளை இரவல் வாங்கிப் போட்டார்கள். முடிவெட்டும் நாற்காலியில் உட்காரும் உரிமை லயத்துப் பாட்டிக்குத்தான். எழுபத்தெட்டு வயதிலும் அவர் மல்யுத்தம் ஒன்றையும் தவறவிட்டதில்லை. சிங்கப்பூரிலும் மலாயாவிலும் கிங்காங்கும் தாராசிங்கும் மோதிய கதைகளைத் தம் அப்பா சொல்லக் கேட்டு வளர்ந்தவர் அவர். இதெல்லாம் முன்கூட்டியே பேசிவைத்து ஆடுவது என்று யாராவது அவரிடம் சொன்னால், அப்படியானால் நீ போய் அந்த அடியை வாங்கிப் பார் என்பார். அதற்குமேல் விவாதம் கிடையாது.

முதல் மூன்று போட்டிகளிலும் ஒரு பக்கம் புதுமுகங்கள். பயிற்சிப் பிரிவான என்.எக்ஸ்.டி. போன்ற இடங்களிலிருந்து வந்த இளைஞர்களைப் பெயர் பெற்றவர்களோடு மோத விட வேண்டுமென்று கேட்டுக்கொண்டவர் ஜான் சீனாதான். கடையில் பலர் அந்த நேரத்தில் தே தாரிக் தேநீர் வாங்கப் போய்விட்டார்கள். இதை இங்கே குறித்து வைக்கிறேன், ஏனென்றால் பிறகு நடந்ததற்கு அதுவே விளக்கம் என்பது என் எண்ணம்.

பிறகு கடைசிப் போட்டி. குந்தர் பின்னாலிருந்து கழுத்தைக் கையால் இறுக்கும் பிடியைப் போடுவதும், ஜான் சீனா அதிலிருந்து நழுவி எழுவதுமாகப் போட்டி நீண்டது. எழும்போதெல்லாம் கடையும் எழுந்தது. என் தங்கை மகன், பன்னிரண்டு வயதுப் பையன், ஜான் சீனா போடுவதுபோன்ற பட்டைகளைக் கையில் மாட்டிக்கொண்டு முக்காலியின் மேல் நின்றான். கடைசியாகப் பிடி விழுந்தபோது ஜான் சீனாவின் முகம் திரை முழுக்க வந்தது. கண்கள் மேலே செருகியிருந்தன. எப்படியும் எழுந்துவிடுவார் என்று நாங்கள் காத்திருந்த அந்த நொடியில் அவர் சிரித்தார். பல் தெரிய, நன்றாகவே சிரித்தார். பிறகு கையை உயர்த்தித் தட்டினார்.

கடையில் யாரும் பேசவில்லை. வாஷிங்டன் அரங்கில் கூட்டம் முதலில் திகைத்து, பிறகு கூச்சலிட்டது; நிகழ்ச்சிப் பொறுப்பாளரான டிரிபிள் எச் வெளியே வந்தபோது அந்தக் கூச்சல் வசையாக மாறியது. லாரித் தம்பி, என்ன அண்ணே இது, என்று என்னிடம் கேட்டார், ஏதோ அந்த முடிவை எழுதிக் கொடுத்தவன் நான் என்பதுபோல. காளி கட்சி மாமா, தட்டினான் பார்த்தியா, என்று ஆரம்பித்தவர், பையனின் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியை விழுங்கிக்கொண்டார். பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்து கிடைத்த வெற்றியை அவரால் அனுபவிக்க முடியவில்லை.

சக வீரர்கள் வளையத்தைச் சூழ்ந்து நிற்க, அப்போதைய வாகையர்களான சி.எம். பங்கும் கோடி ரோட்ஸும் தங்கள் வாகைப் பட்டைகளை ஜான் சீனாவின் தோள்களில் போட்டார்கள். ஜான் சீனா காலணிகளைக் கழற்றி, கைப்பட்டைகளையும் உருவி வளையத்தின் நடுவில் வைத்தார். நீண்ட பேச்சு எதுவும் இல்லை. திரும்பி நடந்து போய், நுழைவாயிலில் நின்று நெற்றியில் கை வைத்து வணங்கி, இத்தனை ஆண்டுகள் உங்களுக்குத் தொண்டாற்றியது தமக்கு மகிழ்ச்சி என்ற பொருளில் ஒரு வரி சொல்லிவிட்டு மறைந்தார்.

லாரித் தம்பி வெளியே போய் மழைச்சாரலில் நின்றார். பாட்டி குந்தரை, நாசமாப் போறவன், என்று திட்டி முடித்துவிட்டு என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அந்தப் பிள்ளை ஏன்யா சிரிச்சான்?”

16 டிசம்பர் 2025, செவ்வாய்

இரண்டு நாள்களாக ஊரில் இதே பேச்சு. கோப்பிக்கடை, பெட்ரோல் நிலையம், கோயில் வாசல் எங்கும் ஞாயிறு கடைக்கு வராதவர்களுக்கும் ஒரு கருத்து இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, கடைசியில் தாமே அதை மீறினார் என்பது கோபக்காரர்களின் வாதம். லாரித் தம்பி அந்த அணிக்குத் தலைவர். நோயுற்ற பிள்ளைகளின் ஆசையை நிறைவேற்றும் அமைப்பு வழியாக 650-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் போய்ப் பார்த்த மனிதர் ஜான் சீனா. மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு இதைப் பார்த்த பிள்ளை என்ன நினைக்கும் என்று கேட்கிறார் தம்பி. அந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது.

ஆனாலும் நான் மறுபக்கம் நிற்கிறேன். மல்யுத்தத் தொழிலில் பழைய வழக்கம் ஒன்று உண்டு: விலகிப் போகிறவர், இருக்கப்போகிறவருக்குத் தம் தோல்வியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். வென்றுவிட்டுப் போனால் அந்த வெற்றி யாருக்கும் பயன்படாது. அவரோடு வீட்டுக்குப் போய்விடும். தோற்றால், அவரை வீழ்த்தியவரின் மேல் அத்தனை கோபமும் வந்து சேரும். அந்தக் கோபம்தான் அடுத்த பத்தாண்டுகளுக்கு அரங்கை நிரப்பும் மூலதனம். ரிக் ஃபிளேர் 2008-இல் ஷான் மைக்கேல்ஸிடம் தோற்றுத்தான் விடைபெற்றார். ஷான் மைக்கேல்ஸ் 2010-இல் அண்டர்டேக்கரிடம் தோற்றார். இந்த ஜூலையில் கோல்ட்பெர்க் இதே குந்தரிடம் இதே பிடியில் நினைவிழந்து தோற்றார். பாவம், அவர் பேசிக்கொண்டிருந்தபோதே ஒளிபரப்பு முடிந்துவிட்டது.

கடந்த மார்ச் மாதம் டொரண்டோவில் ஜான் சீனா திடீரென்று வில்லனாக மாறி கோடி ரோட்ஸை அடித்து வீழ்த்தியபோதும், ஏப்ரலில் லாஸ் வேகாஸில் அவரையே வென்று பதினேழாவது உலகப் பட்டத்தோடு ரிக் ஃபிளேரின் கணக்கைத் தாண்டியபோதும், எனக்கு நிறைவு வரவில்லை. எழுதியவர்களுக்கே என்ன செய்கிறோம் என்று தெரியாததுபோல இருந்தது. ஆகஸ்டில் பழைய மனிதராகத் திரும்பி, அந்தப் பட்டத்தைக் கோடியிடமே இழந்த பிறகுதான் அந்தப் பயணம் நேரானது. எனவே தோல்வி எனக்கு வருத்தம் தந்ததே தவிர, பிழையாகத் தோன்றவில்லை.

ஒரே ஒரு குறை சொல்வேன். குந்தருக்கு வயது முப்பத்தெட்டு. ஏற்கெனவே உலகப் பட்டம் வென்றவர். கொடுப்பதற்கு ஒரே ஒரு தோல்விதான் மிச்சம் இருந்தது என்றால், அதை முன்போட்டிகளில் வந்த அந்த இளைஞர்களில் ஒருவருக்குக் கொடுத்திருக்கலாம். இதைச் சொன்னபோது முடிதிருத்தும் அண்ணன் கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டே, தெரியாத பையனிடம் தட்டியிருந்தால் நீங்கள் எல்லோரும் கடையை உடைத்திருப்பீர்கள் என்றார்.

18 டிசம்பர் 2025, வியாழன்

திரும்பி வருவார் என்கிறான் தங்கை மகன். அவனிடம் ஆதாரமும் இருக்கிறது: ரிக் ஃபிளேர் வேறு நிறுவனங்களுக்குப் போய் 2022 வரை சண்டையிட்டார், ஷான் மைக்கேல்ஸ் எட்டு ஆண்டுகள் கழித்து 2018-இல் ஒருமுறை இறங்கினார். இந்தத் தொழிலில் விடைபெற்றவர்களின் சொல்லை நம்பக்கூடாது என்பதை எங்கள் தலைமுறை பட்டுத் தெரிந்துகொண்டது. இவன் கைப்பேசியில் தேடித் தெரிந்துகொண்டிருக்கிறான். வரமாட்டார் என்று நான் சொன்னேன். நாற்பத்தெட்டு வயதில், உடம்பு கேட்பதற்கு முன்பே தேதி குறித்து, ஓர் ஆண்டு முழுவதும் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிவிட்டுப் போனவர் அவர். பையன் கைப்பட்டைகளைக் கழற்றவில்லை. பள்ளியில் பறிமுதல் செய்வார்கள் என்று தங்கை கத்திக்கொண்டிருக்கிறாள்.

21 டிசம்பர் 2025, ஞாயிறு

முடி வெட்டிக்கொள்ளப் போனேன். பாட்டி அதே நாற்காலியில் இருந்ததால் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் கேட்ட கேள்விக்கு இந்த ஒரு வாரமாக யோசித்து வைத்திருந்த பதிலைச் சொன்னேன்: போதும் என்று தாமே முடிவெடுத்ததனால் சிரித்தார், மற்றவன் பிடி அவரை வெல்லவில்லை என்று.

பாட்டி ஏற்கவில்லை. “அதெல்லாம் இல்லய்யா. வலி போயிடுச்சு. இனிமே நாளைக்கு எந்திரிச்சு அடி வாங்க வேணாம்னு தெரிஞ்சுபோச்சு. அதான் சிரிச்சான்,” என்றார். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து முப்பத்தைந்து ஆண்டுகள் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் பதில் அது. என் பதிலை நான் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

லாரித் தம்பி முக்காலியில் உட்கார்ந்து, குந்தரை வீழ்த்தத் தகுந்தவர் யார் என்று மாமாவோடு வாதாடிக்கொண்டிருந்தார். ஓபா ஃபெமி என்கிறார் தம்பி. நைஜீரியாக்காரரான அந்த இளைஞரை அன்று அவரும் தே தாரிக் கையுமாகப் பாதியில்தான் பார்த்தார். பாட்டிக்கு யார் அடித்தாலும் சரிதான், அடி விழ வேண்டும். அந்த ஆஸ்திரியாக்காரன் இனி எந்த நாளில் வருவான் என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பார்த்தால் வந்தாலும் வருவான் என்று சொல்லி வைத்தேன். அன்று வேலை நாள் என்பதால் எங்களால் வரமுடியாது. பார்த்துவிட்டுச் சொல்வதாகப் பாட்டி பொறுப்பேற்றுக்கொண்டார்.